லயன் ஸ்டவுட்டை ஐஸில் புதைக்காதீர்கள்

லயன் ஸ்டவுட் இலங்கையின் மலையூரான நுவரெலியாவில் வளர்ந்த கறுப்புப் பியர். 19ஆம் நூற்றாண்டிலேயே பியர் ஆலை வந்த ஊர் அது. ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ்தான். இன்று கொழும்புக்கு அருகே பியகமவில் தயாராகிறது. கொழும்பு வெக்கையில் அதை லாகர் எனும் வெளிர்நிறப் பியர் போலவே ஐஸில் புதைத்துத் தருகிறார்கள். அங்கேதான் கெடுகிறது. 4 பாகையில் மணம் எழாது. கருக வறுத்த மோல்ட்டின், அதாவது முளைகட்டிய பார்லியின், கசப்பும் வாயுவின் காரலும் மட்டும் நாக்கில் நிற்கும்.

330 மில்லி போத்தலை பிரிட்ஜிலிருந்து எடுத்து 20 முதல் 25 நிமிடம் வெளியே வையுங்கள். 11, 12 பாகைக்கு வரும். கிளாஸில் சோப்போ எண்ணெயோ துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் நுரை உடனே அமர்ந்துவிடும், குமிழிகள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வாய் குறுகிய, வயிறு அகன்ற கிளாஸ் நல்லது. கிளாஸைச் சரித்துப் பிடித்து, ஊற்றும் அளவில் முக்கால்வாசியை ஊற்றி, மீதியை நிமிர்த்தி ஊற்றினால் இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்பு நுரை கட்டும்.

முதலில் முகருங்கள். கடுங்கோப்பி, கறுப்புச் சொக்லேட், அடியில் உலர்ந்த திராட்சை. வாயில் ஒரு மிடறை நான்கைந்து விநாடி வைத்திருந்தால் கித்துள் பனையின் பாணியைக் காய்ச்சும்போது சட்டி ஓரத்தில் கருகிப் பிடிக்குமே, அந்த இனிப்பும் கசப்பும் சேர்ந்து வரும். விழுங்கிய பிறகுதான் மதுசாரத்தின் சூடு தொண்டையில் தெரிகிறது. 8.8 சதவீதத்தை இவ்வளவு அடக்கி வைத்திருப்பதுதான் இதன் பெருமை.

ஈர அட்டை வாடையோ சோயா சோஸ் நெடியோ அடித்தால் போத்தல் வெயிலிலோ சூடான களஞ்சியத்திலோ கிடந்திருக்கிறது. திகதியைப் பார்த்து, நிழலில் அடுக்கியதை வாங்குங்கள்.

மிளகு தூக்கலாகப் போட்ட மாட்டிறைச்சிப் பிரட்டலுக்கு அருமையான ஜோடி. மிளகாய் உறைப்புக்கு ஆகாது; மதுசாரம் எரிச்சலைக் கூட்டும்.

குறையும் உண்டு. கிளாஸில் நின்று 18 பாகையைத் தாண்டினால் இனிப்பு பாகு போலத் திகட்டுகிறது. ஆகவே ஒரு தடவைக்கு 150 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். 625 மில்லி போத்தலில் 55 மில்லி தூய மதுசாரம் இருக்கிறது, 4.8 சதவீத லாகரில் ஒரு லீற்றரைத் தாண்டும் அளவு. அதை இருவராவது பகிர்ந்துகொள்ளுங்கள்.