சென்னைக்குச் சீட்டெடுத்து வழியில் இறங்கலாமா? டர்பன் பயணிகளுக்கான ஓர் ஒப்பீடு

சென்னையிலிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்தில் சீட்டெடுத்த ஒருவர் கும்பகோணத்திலேயே இறங்கிக்கொண்டால் நடத்துநர் ஒன்றும் சொல்வதில்லை. மீதித் தூரத்துக்குக் கொடுத்த காசு இறங்கியவருக்குத்தான் நட்டம். விமானத்தில் நிலைமை தலைகீழாக இருப்பதுண்டு. அங்கே கும்பகோணத்துச் சீட்டு தஞ்சாவூர்ச் சீட்டைவிட விலை கூடுதலாக இருக்கும்; தஞ்சாவூருக்குச் சீட்டெடுத்துக் கும்பகோணத்தில் இறங்குகிறவருக்கு இலாபம், வண்டி விட்டவருக்கு நட்டம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உள்ள உறவினர்களுக்கும் கோயில் நண்பர்களுக்கும் பல ஆண்டுகளாகப் பயணச்சீட்டு பார்த்துக் கொடுத்து வருகிற என்னிடம், இந்த வேலையைச் செய்யலாமா என்று மாதம் ஒருவராவது கேட்கிறார். ஆகவே இந்தப் பாதிவழி இறக்கத்தையும், அதே காசை மிச்சப்படுத்த மக்கள் கையாளும் வேறு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் இந்த விலை விசித்திரம் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். விமானக் கட்டணம் தூரத்தைப் பார்த்து மட்டும் வைக்கப்படுவதில்லை. அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே எத்தனை நிறுவனங்கள் முட்டிமோதுகின்றன என்பதையும் பார்த்து வைக்கப்படுகிறது. டர்பனிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாகவும் தோஹா வழியாகவும் அடிஸ் அபாபா வழியாகவும் ஒரே பயணியை இழுக்கப் பல நிறுவனங்கள் போட்டியிடுவதால் சென்னைக் கட்டணம் இறங்குகிறது. துபாயோடு பயணத்தை முடித்துக்கொள்பவருக்கோ இடைநிற்காத விமானம்தான் வேண்டும். அந்த வசதிக்கு அவர் கூடுதலாகக் கொடுப்பார் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். கணக்குக்காக, துபாய்க்குப் போகவர 15,000 ராண்ட் என்றும், துபாய் வழியாகச் சென்னைக்குப் போகவர 12,500 ராண்ட் என்றும் வைத்துக்கொள்வோம். மகனைப் பார்க்கத் துபாய்க்குப் போகும் தாய்க்கு, சென்னைச் சீட்டை வாங்கித் துபாயில் இறங்கினால் 2,500 ராண்ட் மிச்சம் என்று தோன்றும்.

அந்த மிச்சம் கையில் நிற்காது. ஒரே பயணச்சீட்டில் உள்ள விமானங்களை, அதாவது பயணக் கட்டங்களை, வரிசை மாறாமல் பயன்படுத்த வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் ஒப்பந்தத்திலும் உள்ள நிபந்தனை. ஒரு கட்டத்தில் ஆள் வரவில்லை என்று பதிவானால் அதற்குப் பின்னால் உள்ளவை அத்தனையும் கணினியில் தாமாகவே இரத்தாகிவிடும். துபாயிலிருந்து சென்னைக்குப் போகாத அந்தத் தாய்க்கு, திரும்பி வரும் சீட்டு அந்த நிமிடத்திலிருந்து வெறும் காகிதம். ஆகவே பாதிவழி இறக்கம் ஒருவழிச் சீட்டில் மட்டுமே, அல்லது போகவரச் சீட்டின் கடைசிக் கட்டத்தில் மட்டுமே வேலை செய்யும். நீண்ட தூர வழித்தடங்களில் ஒருவழிக் கட்டணம் போகவரக் கட்டணத்தில் பாதியாக இருப்பது அரிது. சில வேளைகளில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இரண்டு ஒருவழிச் சீட்டுகளைத் தனித்தனியே வாங்கிக் கூட்டிப் பார்த்தால் 2,500 ராண்ட் மிச்சம் போன இடம் தெரியாது.

அடுத்த தடை விசா. சென்னைச் சீட்டோடு செக்-இன் மேசைக்கு வருகிறவரிடம் இந்திய விசாவோ, வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தாம் போகப் போவதே இல்லாத ஒரு நாட்டின் அனுமதியை அவர் கையில் வைத்திருக்க வேண்டும். இறங்கும் நாட்டுக்கு விசா தேவையென்றால் அதுவும் தனியே வேண்டும். அடிஸ் அபாபாவில் இறங்க நினைப்பவருக்கு இன்னொன்றும் உண்டு. மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் எத்தியோப்பியா இருப்பதால், விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தவர் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும்போது தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டியிருக்கும். ஊசியைப் போட்டுக்கொண்டு பத்து நாள் ஆன பிறகுதான் அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும்.

பெட்டியைப் பற்றி எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கைப்பெட்டியோடு மட்டும் போக வேண்டும், ஏனென்றால் சரக்கறைக்குள் போட்ட பெட்டி கடைசி ஊருக்குப் போய்விடும். என் மைத்துனர் அதை அப்படியே கடைப்பிடித்தவர். ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றின் வழியாகச் சென்னைக்கு ஒருவழிச் சீட்டு எடுத்து, அந்த வளைகுடா நகரத்திலேயே இறங்குவது அவர் திட்டம். கையில் ஒரே ஒரு சக்கரப் பெட்டி. விமானம் நிரம்பி வழிந்தது. ஏறும் வாயிலில் நின்ற ஊழியர், தலைக்குமேல் இடமில்லை என்று சொல்லி, கடைசி வரிசைப் பயணிகளின் பெட்டிகளை வாங்கி அடையாளச் சீட்டை ஒட்டிக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தார். மைத்துனர் தம் பெட்டியில் ஒட்டிய சீட்டைப் பார்த்தார். பெரிய எழுத்தில் எம்.ஏ.ஏ., அதாவது சென்னை. மருந்து இருக்கிறது, கொடுக்க மாட்டேன் என்றார். மருந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா என்று அந்தப் பெண் பொறுமையாக நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. மருந்துப் பையை எடுத்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிட்டார்.

பெட்டி சென்னைக்குப் போகும், அங்கே யாரையாவது எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்பது அவர் எண்ணம். அதுவும் நடக்கவில்லை. சரக்கறையில் பெட்டியைப் போட்ட பயணி விமானத்தில் ஏறவில்லை என்றால், அந்தப் பெட்டியை இறக்காமல் சர்வதேச விமானம் புறப்படக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. அவர் பெயரை ஒலிபெருக்கியில் பலமுறை அழைத்திருக்கிறார்கள்; அவரோ குடிவரவு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். பெட்டியைத் தேடி இறக்கும்வரை அந்த விமானத்தில் இருந்த அத்தனை பேரும் காத்திருந்தார்கள். "அத்தான், என் பெட்டியால் பிளேன் நின்றுவிட்டதாம்" என்று அவர் தொலைபேசியில் சொன்னபோது குரலில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. நான்கு மணி நேரம் கழித்து, ஏன் ஏறவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பெட்டியைப் பெற்றுக்கொண்டார். அவர் மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவருடைய அக்காள் கேட்டாள்.

இது சட்டப்படி குற்றமா என்பது அடுத்த கேள்வி. காவல்துறை வந்து பிடிக்கும் குற்றம் இல்லை. நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை மீறுவதாகும். இத்தகைய சீட்டுகளைத் தேடித் தரும் ஸ்கிப்லேக்டு என்ற அமெரிக்க இணையதளத்தின்மீது யுனைடெட் ஏர்லைன்ஸும், பயணச்சீட்டு விற்கும் இணையதளமான ஓர்பிட்ஸும் 2014இல் வழக்குத் தொடுத்தன. ஓர்பிட்ஸ் சமரசம் செய்துகொண்டது, யுனைடெட்டின் வழக்கு தன் எல்லைக்குள் வராது என்று சிகாகோ நீதிமன்றம் 2015இல் தள்ளிவிட்டது. பிறகு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடுத்த வழக்கில் 2024 அக்டோபரில் டெக்சாஸ் நீதிமன்ற ஜூரி 94 இலட்சம் டாலர் கொடுக்கும்படி சொன்னது. அதுவும் நிறுவனத்தின் இலச்சினையை அனுமதியின்றிப் பயன்படுத்திய பதிப்புரிமை மீறலுக்காகவே. தனிப் பயணியைத் துரத்திய வழக்குக்கு எடுத்துக்காட்டு ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சா தொடுத்தது. ஆஸ்லோவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாகச் சியாட்டிலுக்குப் போய்த் திரும்பியவர், ஃபிராங்க்ஃபர்ட்–ஆஸ்லோ என்ற கடைசிக் கட்டத்தைக் கைவிட்டு வேறு சீட்டில் பெர்லினுக்குப் போய்விட்டார். 2,112 யூரோ கேட்டு நிறுவனம் போட்ட வழக்கைப் பெர்லின் நீதிமன்றம் 2018 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. தோற்றது நிறுவனம்தான்; ஆனால் ஒரு சாதாரணப் பயணி வக்கீல் வைத்து வாதாட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அடிக்கடி இப்படிச் செய்கிறவரின் உறுப்பினர் கணக்கை மூடிச் சேர்த்த மைல்களைப் பறிக்க ஒப்பந்தம் இடம் தருகிறது. முகவர் வழியாக வாங்கிய சீட்டென்றால், வித்தியாசத் தொகையை நிறுவனம் முகவரிடமிருந்து பிடித்துக்கொள்ளும். தெரிந்த முகவரிடம் இந்த உதவியைக் கேட்பது அவர் வயிற்றில் அடிப்பதுதான்.

இத்தனைக்குப் பிறகும், ஒரே ஒரு சூழ்நிலையில் நான் யாரையும் தடுப்பதில்லை. ஜொகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் வசிக்கும் ஒருவர் சென்னையிலிருந்து திரும்பும்போது, ஜொகன்னஸ்பர்க் வழியாக டர்பனுக்குள்ள சீட்டு ஜொகன்னஸ்பர்க் சீட்டைவிட மலிவாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து வந்து ஜொகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர்.டாம்போ விமான நிலையத்தில் உள்நாட்டு விமானத்துக்கு மாறுகிறவர், நுழையும் முதல் ஊரிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். பெட்டி அவர் கையிலேயே இருக்கிறது, இரத்தாவதற்குப் பின்கட்டமும் இல்லை. ஆனால் ஜொகன்னஸ்பர்க்கில் இறங்கிவிட்டு அதே விமானமே டர்பனுக்குத் தொடரும் சேவைகளும் உண்டு. அவற்றில் பெட்டி நேரே டர்பனுக்கு வந்துவிடும். சீட்டில் உள்ள விமான எண் இரண்டு கட்டங்களுக்கும் ஒன்றுதானா என்பதைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். வானிலையோ கோளாறோ காரணமாக நிறுவனம் பயணத்தை வேறு ஊர் வழியாக மாற்றினாலும் வாயைத் திறக்க முடியாது. கொடுத்த வாக்கு டர்பனில் கொண்டு சேர்ப்பதுதான்.

போகவரச் சீட்டு வாங்கித் திரும்பும் பாதியைக் கைவிடுவது, மேலே சொன்னதன் சாதுவான தம்பி. படிக்கப் போகும் பிள்ளைக்கு ஒருவழிச் சீட்டைவிடப் போகவரச் சீட்டு மலிவாகக் கிடைத்தால் இதைத்தான் செய்கிறார்கள். பெட்டிச் சிக்கல் கிடையாது, விசாச் சிக்கலும் கிடையாது. முதற்பாதியைக் கைவிட்டுப் பிற்பாதியை மட்டும் பயன்படுத்த நினைப்பவர் மட்டும் முழுச் சீட்டையும் இழப்பார். பறக்காத பாதியின் விமான நிலைய வரிகளைக் கேட்டுத் திரும்பப் பெற முடிகிற சீட்டுகள் உண்டு, கேட்பவர்கள்தான் குறைவு.

டர்பன்காரருக்கு உண்மையான போட்டி, ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து சர்வதேசச் சீட்டும் அங்கே போய்ச் சேரத் தனிச் சீட்டும் வாங்குவதுதான். ஓ.ஆர்.டாம்போவிலிருந்து பறக்கும் நிறுவனங்கள் பல என்பதால் பல வேளைகளில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இருக்கும். எந்த ஒப்பந்தத்தையும் மீறுவதில்லை, திரும்பும் சீட்டுக்கும் ஆபத்தில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு சீட்டுகளும் ஒன்றையொன்று அறியாதவை. உள்நாட்டு விமானம் தாமதமாகி சர்வதேச விமானம் போய்விட்டால் இரண்டு விமான நிறுவனங்களும் பொறுப்பேற்காது. ஒரே சீட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்கள் கடமை. 2022 ஜூனில் தென்னாப்பிரிக்க விமான நிறுவனமான காமேர் மூடப்பட்டு அதன் மலிவுக் கட்டணக் குலுலா விமானங்கள் நின்றபோது, உள்நாட்டுச் சீட்டைத் தனியே வாங்கி வைத்திருந்தவர்கள் கடைசி நேரத்தில் எகிறிய விலையில் வேறு சீட்டு வாங்க வேண்டியிருந்தது. பெட்டிக் கணக்கும் உண்டு. சர்வதேசச் சீட்டில் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டிக்கு அனுமதி கிடைத்திருக்கும். மலிவு உள்நாட்டுச் சீட்டிலோ ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் காசு. கல்யாணப் புடவைகளோடு திரும்பும் குடும்பத்துக்கு அந்தக் காசே மிச்சத்தைத் தின்றுவிடும்.

உள்நாட்டு விமானத்துக்குப் பதிலாக ஜொகன்னஸ்பர்க்குக்கு என்3 நெடுஞ்சாலையில் பேருந்திலோ காரிலோ போகலாம். ஏறக்குறைய 570 கிலோமீட்டர். இளைஞர்களுக்குச் சரி. 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டிச் சாலை மூடப்பட்டு, வண்டிகள் இரவு முழுவதும் நின்ற இடத்திலேயே நின்றதை நினைவில் வைத்துக்கொண்டு, முதல் நாளே போய்ச் சேருவது நல்லது. விமானமோ பேருந்தோ, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி இல்லாமல் நான் யாருக்கும் இப்படிச் சீட்டு போட்டுக் கொடுப்பதில்லை. வயதானவர்கள் என்றால் ஓர் இரவு தங்கல், அதன் செலவும் விலையில் சேர்த்தி.

நோய்வாய்ப்படுதல் போன்றவற்றால் பயணம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதிலும் இவை வேறுபடுகின்றன. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, முன்பதிவை இரத்து செய்யும் உரிமையைத் தருகிறது. நியாயமான அளவுக்கு மட்டுமே கட்டணம் பிடிக்கலாம். யாருக்காகப் பதிவு செய்யப்பட்டதோ அவர் இறந்துவிட்டாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ இரத்துக் கட்டணமே பிடிக்கக் கூடாது. நேர்மையாக வாங்கிய சீட்டோடு இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதலாம். நிறுவனத்தைச் சுற்றிப்போக வாங்கிய சீட்டோடு, தம் பயண விவரத்தையெல்லாம் எடுத்துவைத்து அதே நிறுவனத்துக்கு எழுதக் கை வராது.

கடைசியாக, நம்மவர்கள் கேட்க மறக்கும் வழி: ஸ்டாப் ஓவர். இணைப்பு ஊரில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்குவதை நிறுவனமே அனுமதித்துச் சீட்டில் எழுதிக் கொடுப்பது. துபாயில் மகன், சென்னையில் சொந்தம் என்று இரண்டும் உள்ள குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. தேடும்போது 'போகவர' என்பதை விட்டுவிட்டு 'பல ஊர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, டர்பன்–துபாய், ஐந்து நாள் கழித்துத் துபாய்–சென்னை, பிறகு சென்னை–டர்பன் என்று மூன்று வரிகளாகக் கொடுக்க வேண்டும். சில வேளைகளில் கூடுதல் கட்டணம் சிறியதாக இருக்கும். சில வேளைகளில் பெரிதாக இருக்கும். டிசம்பர் பள்ளி விடுமுறையில் பெரும்பாலும் பெரிதாகத்தான் இருக்கும். துபாய் மட்டுமே போதும், சென்னை வேண்டாம் என்பவருக்கு இதனால் பயனில்லை. அவர் 15,000 ராண்ட் சீட்டையே வாங்க வேண்டும், அல்லது ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து பார்க்க வேண்டும்.

மைத்துனர் சென்ற தைப்பூசத்துக்கு முன்பு மறுபடியும் வந்தார். இந்த முறை மூன்று வரிச் சீட்டு, இரண்டு பெட்டி. போன முறை எழுதிக் கொடுத்த காகிதத்தின் நகலை இன்னும் பணப்பையில் மடித்து வைத்திருக்கிறார். எதற்கென்று கேட்டதற்கு, "அக்கா மறுபடி கேட்பாள், அத்தான்" என்றார்.