அனுப்பிய கடிதத்தின் நகல்: மடிக்கணினியிலா, சர்வரிலா?

மண்டபத்தில் கடல்பாசி வியாபாரி ஒருவருக்கு மின்னஞ்சல் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய மடிக்கணினி, எழுத்து மட்டுமே தெரியும் டெர்மினல் திரையில் ஓடும் மட் (Mutt) என்ற அஞ்சல் மென்பொருள். வெறும் எழுத்து என்பதால் சிக்னல் சோர்ந்த நாளிலும் அஞ்சல் திறந்துவிடும். அனுப்பிய கடிதத்தின் நகல் எங்கே தங்க வேண்டும் என்பதை அமைப்புக் கோப்பில் ‘ரெகார்ட்’ என்ற வரி சொல்கிறது.

அங்கே மடிக்கணினியின் கோப்புறையைக் கொடுத்தால் நகலுக்கு இணையமே வேண்டாம். எம்பாக்ஸ் வடிவில் எல்லாக் கடிதங்களும் ஒரே கோப்பாகக் கொழுக்கும். மெயில்டிர் வடிவில் கடிதத்துக்கு ஒரு கோப்பு. நான் மெயில்டிர் பக்கம். பாதியில் மின்சாரம் போனாலும் பழைய கடிதங்களுக்குச் சேதமில்லை. ஆனால் செல்போனில் அந்த நகல் தெரியாது. உப்புக்காற்று வேறு இருக்கிறது. என் முந்தைய மடிக்கணினி துருவேறிச் செத்தபோது இரண்டு வருட விலைப்பேச்சும் அதோடு போனது.

ரெகார்ட் வரியில் அஞ்சல் சர்வரின் ‘சென்ட்’ பெட்டியைக் கொடுத்தால் எங்கிருந்தும் பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், ஒரே கடிதம் இரண்டு முறை ஏறுகிறது: அஞ்சல் அனுப்பும் முறையான எஸ்எம்டிபி வழியாகப் பெறுநருக்கு, சர்வரிலுள்ள பெட்டிகளைக் கையாளும் முறையான ஐமேப் வழியாக நகலுக்கு. பாசி காய்ந்த பதத்தைக் காட்டும் 6 எம்பி படம் அஞ்சலுக்கான குறியீட்டில் 8 எம்பிக்கு மேல் ஆகிவிடும், அதை இரட்டித்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று நாளொன்றில் கடிதம் போய்விட்டது, நகல் மட்டும் நின்றது. மறுபடி முயலவா, வேறு பெட்டியில் போடவா, விட்டுவிடவா என்று மட் கேட்டது. அது நகலைப் பற்றிய கேள்வி என்று புரியாமல், கடிதமே போகவில்லை என்று பதறி புதிதாக அனுப்பினேன். “இரண்டு லோடா?” என்று வாங்குபவர் தொலைபேசியில் கேட்டார். அமைப்புக் கோப்பின் ‘எஃப்சிசி அட்டாச்’ வரியில் ‘நோ’ போட்டால் படமில்லாமல் நகல் சேரும். ஆனால் தரத்தகராறு வந்தால் எந்தப் படத்தை அனுப்பினோம் என்று எப்படிக் காட்டுவது?

ஜிமெயில் கணக்கில் இந்தக் குழப்பமே இல்லை. அதன் சர்வர் வழியாகப் போகும் கடிதத்தை அதுவே சேமித்துக்கொள்கிறது. ரெகார்டை வெறுமையாக விட்டால் போதும்.

முதலாளியின் கணக்கு அப்படிப்பட்டதல்ல. அதனால் ரெகார்டை மெயில்டிருக்குத் திருப்பி, அதை எம்பிசிங்க் (mbsync) என்ற அஞ்சல் ஒத்திசைவு மென்பொருள் மூலம் சர்வரோடு இணைத்தேன். பகலில் நகல் மடிக்கணினியில் விழுகிறது. ஊர் அடங்கி சிக்னல் தெளிந்த பிறகு, இரவில் மொத்தமாக மேலே ஏறுகிறது.