டிடியூ: டிரைவரை அடியோடு வழித்தெடுக்கும் இலவச மென்பொருள் – எப்போது போடலாம், எப்போது வேண்டாம்

கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து டெஸ்க்டாப்புக்கு வந்து விழுகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி "டிடியூ போட்டீங்களா?" என்பதுதான். என் சித்தி பையனும் அதைத்தான் சொன்னான். "அக்கா, மொதல்ல டிடியூ போடுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." அவன் சொன்னதில் பாதி சரி. நல்ல மென்பொருள், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த "மொதல்ல" என்ற சொல்லில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

திருப்பூரில் பனியன் பிரிண்ட்டுக்கு டிசைன் போடுவது என் வேலை. பகலில் டிசைன் ஓடும் அதே கம்ப்யூட்டரில்தான் ராத்திரி கேமும் ஓடும். கிராபிக்ஸ் டிரைவர், அதாவது கிராபிக்ஸ் கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள், கெட்டால் கேம் மட்டும் நிற்காது, மறுநாள் ஆர்டர் கொடுத்த பார்ட்டிக்குப் போக வேண்டிய சாம்பிளும் நிற்கும். அதனால் டிரைவரைத் தொடுவதற்கு முன் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

டிடியூ என்பது டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர். காசு கிடையாது. வாக்னார்ட்சாஃப்ட் தளத்தில் கிடைக்கும், மூல நிரலும் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றின் டிரைவர்களையும் நீக்கும். கன்ட்ரோல் பேனலில் போய் அன்இன்ஸ்டால் கொடுத்தால் டிரைவர் போய்விடாதா என்றால், பெரும்பகுதி போகும். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் குறிப்பேடு) எழுதி வைத்த முகவரிகள், விண்டோஸ் தன் கிடங்கில் எடுத்து வைத்திருக்கும் டிரைவர் பிரதிகள், சர்வீஸ்கள், ஃபோல்டர்கள் என்று மிச்சசொச்சம் தங்கும். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் மேலேயே வெள்ளையடித்தால் எப்படி உரிந்து வருமோ, அப்படித்தான் சில நேரம் புது டிரைவரும். டிடியூ சுரண்டுகிற வேலையைச் செய்கிறது.

எனக்கு அது நிஜமாகவே தேவைப்பட்ட இடத்தைச் சொல்கிறேன். ஒரு கம்பெனி கிராபிக்ஸ் கார்டை விற்றுவிட்டு வேறு கம்பெனி கார்டு வாங்கினேன். கடையில் கார்டை மாட்டி, புது டிரைவரை ஏற்றி, படம் வருகிறதா என்று பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். பழைய டிரைவரை யாரும் தொடவில்லை. போட்டோஷாப்பும் கோரல்டிராவும் ஒரு குறையும் சொல்லவில்லை. நான் விளையாடுவது தீவில் குடிசை கட்டி, மீன் பிடித்து, மழைக்காலத்தைத் தாக்குப்பிடிக்கிற ஒரு ஏர்லி ஆக்சஸ் கேம், அதாவது முடியும் முன்பே விற்பனைக்கு விட்ட கேம். சின்னக் குழு ஒன்று செய்கிறது, பாதிதான் முடிந்திருக்கிறது, பெயர் இங்கே தேவையில்லை. தொடங்கும்போது டைரக்ட்எக்ஸா வல்கனா என்று கேட்கும். இரண்டும் கேம் கார்டோடு பேசும் வழிகள். டைரக்ட்எக்ஸில் ஓடும். வல்கனைத் தொட்டால் லோகோ வரும் முன்பே மூடிக்கொள்ளும்.

யூனிட்டி என்ற எஞ்சினில், அதாவது கேம் செய்யும் மென்பொருளில், செய்த கேம் அது. யூனிட்டி கேம்கள் ஆப்டேட்டாவுக்குள் (AppData) லோக்கல்லோ (LocalLow) என்ற ஃபோல்டரில் பிளேயர் லாக் (Player.log) என்று ஓர் உரைக்கோப்பை எழுதி வைக்கும். நோட்பேடில் திறந்தால் போதும். முதல் பக்கத்திலேயே எந்தக் கார்டு, எவ்வளவு வீடியோ மெமரி, எந்த டிரைவர் என்று வரிசையாக இருக்கும். வல்கனில் ஓடவிட்டு மூடிக்கொண்ட பிறகு அந்தக் கோப்பைத் திறந்தேன். கடைசிச் சில வரிகளில், எப்போதோ விற்றுவிட்ட பழைய கார்டு கம்பெனியின் பெயர் இருந்தது.

வல்கனில் லேயர் என்று ஒன்று உண்டு. கேமுக்கும் டிரைவருக்கும் நடுவே உட்காரும் சின்ன மென்பொருள் துண்டு. டிரைவர் தன் லேயர் இருக்கும் இடத்தை ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைக்கும். எந்த வல்கன் கேம் தொடங்கினாலும் அது கேட்காமலேயே கூட ஏறிக்கொள்ளும். கார்டு போய்விட்டது, லேயரின் முகவரி போகவில்லை. டைரக்ட்எக்ஸில் இந்தச் சிக்கல் தலைகாட்டாததற்கும் இதுதான் காரணம். இந்த மாதிரி இடத்துக்கு டிடியூவை விட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது. கார்டு கழற்றப்பட்டிருந்தாலும் பரவாயில்லை. பட்டியலில் பழைய கம்பெனியைத் தேர்ந்தெடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லலாம். செய்தது. வல்கன் அன்றைக்கே ஓடியது.

செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மென்பொருளை விட அதைச் சுற்றியிருக்கும் வேலைகளில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் புது டிரைவரை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இப்போதெல்லாம் அது அரை ஜிபிக்கு மேல் வருகிறது, மொபைல் டேட்டாவில் இருப்பவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இன்டர்நெட்டைத் துண்டிக்க வேண்டும். கேபிளாக இருந்தால் பிடுங்கியே விடுங்கள். இல்லையென்றால் நீங்கள் பழையதைத் துடைத்துவிட்டு வருவதற்குள் விண்டோஸ் தானாக ஒரு டிரைவரைத் தேடிப் போட்டு வைத்திருக்கும். இதைத் தடுக்க டிடியூவுக்குள்ளேயே ஒரு செட்டிங் உண்டு. ஆனாலும் கேபிளைப் பிடுங்குவதில் இருக்கிற நிம்மதியே வேறு.

அப்புறம் சேஃப் மோட், அதாவது அத்தியாவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸைத் தொடங்குவது. இங்கேதான் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 11 வந்த பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே அது தெரியாது. சேஃப் மோடுக்குப் போகும் வழியில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ என்று 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கலாம். அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், முன்கூட்டியே எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் நான்கு இலக்கப் பின் நம்பர் போட்டே பழகியவர்களுக்கு இன்னொன்று: சில கம்ப்யூட்டர்களில் சேஃப் மோடில் பின் நம்பர் வேலை செய்யாது, முழுப் பாஸ்வேர்டுதான் கேட்கும். பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு இறங்குங்கள். எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, யூபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் நான் இதைத் தொடவே மாட்டேன்.

சேஃப் மோடில் திரையின் நான்கு மூலையிலும் 'சேஃப் மோட்' என்று எழுதியிருக்கும், ஐகான்கள் ஊதிப் பெருத்திருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. டிடியூவைத் திறந்தால் வலப்பக்கம் இரண்டு பெட்டிகள். ஒன்றில் ஜிபியு (கிராபிக்ஸ்) என்று தேர்ந்தெடுக்க வேண்டும், மற்றொன்றில் கம்பெனி. லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும், எதைத் துடைக்கப் போகிறோம் என்பதை இங்கே ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். இடப்பக்கம் மூன்று பட்டன்கள்: துடைத்துவிட்டு ரீஸ்டார்ட், துடைத்துவிட்டு சும்மா இரு, துடைத்துவிட்டு ஷட்டவுன். மூன்றாவது கார்டையே மாற்றப் போகிறவர்களுக்கு. அழுத்தியதும் நடுவில் என்னென்ன நீக்குகிறது என்று வரிகள் ஓடும். சில நிமிட வேலைதான். ரீஸ்டார்ட் ஆகி, இறக்கி வைத்த டிரைவரைப் போட்டால் முடிந்தது.

மென்பொருளின் முகம் பழைய காலத்துப் பாணியில் இருக்கிறது, செட்டிங்ஸ் பக்கத்தில் அடுக்கியிருக்கும் டிக் பெட்டிகளைப் பார்த்தால் புதியவர்கள் மிரளுவார்கள். அதில் எதையும் மாற்றாமல் விட்டாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும். அந்த ஒரு குறைக்காக அரை மதிப்பெண் குறைத்து, ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

சரி, "மொதல்ல" விஷயத்துக்கு வருகிறேன். சில மாதம் கழித்து அதே கேமில் பெரிய அப்டேட் வந்தது. மழையும் வெளிச்சமும் புதிதாக, அழகாக இருந்தன. மழையில் நனைந்துகொண்டு குடிசைக்குள் நுழைந்தால் திரை உறையும், ஒரு நொடி கறுக்கும், பிறகு டெஸ்க்டாப். சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். தம்பி மறுபடி டிடியூ என்றான். அவன் மனசுக்காக அதையும் செய்தேன். மறுபடி மழை, மறுபடி டெஸ்க்டாப்.

விண்டோஸ் தன் கோளாறுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண்ணோடு ஒரு எச்சரிக்கை இருந்தது: டிஸ்பிளே டிரைவர் பதில் சொல்லவில்லை, மீட்டெடுக்கப்பட்டது. இதைப் பார்த்ததும் டிரைவர் கெட்டுவிட்டது என்றே பலர் முடிவு கட்டுகிறார்கள். அது அப்படி அல்ல. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸில் டிடிஆர் என்று ஒரு காவல் இருக்கிறது. கார்டுக்குக் கொடுத்த வேலை 2 நொடிக்குள் முடியாமல், கார்டு அதை விட்டு நகரவும் மறுத்தால், மாட்டிக்கொண்டது என்று முடிவுசெய்து விண்டோஸே டிரைவரை மீட்டமைத்துவிடும். கேமின் கையில் இருந்த கார்டு பறிபோகும், அதைத் தாங்கத் தெரியாத கேம் விழும். கார்டு ஏன் 2 நொடி பேசவில்லை என்பதை அந்த வரி சொல்லாது. டிரைவர் பிழையாக இருக்கலாம், கேமின் ஷேடர் (கார்டில் ஓடி வெளிச்சத்தையும் நிறத்தையும் கணக்கிடும் சின்ன நிரல்) கோளாறாக இருக்கலாம், கார்டின் வேகம் கம்பெனியிலேயே கொஞ்சம் ஏற்றி விடப்பட்டிருக்கலாம், சூடாக இருக்கலாம், பவர் சப்ளை திணறலாம். ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடியை 10 ஆக்கு என்று ஒரு யோசனை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அது சோதனை செய்யும் டெவலப்பர்களுக்கானது, சாதாரண உபயோகத்துக்கு மாற்ற வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. உண்மையாகவே மாட்டிக்கொண்ட கார்டு என்றால் 2 நொடிக்குப் பதில் 10 நொடி உறைந்த திரையைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஈவென்ட் வியூவரை விட எனக்குப் பிடித்தது ரிலையபிலிட்டி ஹிஸ்டரி. ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தட்டினால் வரும். நாள்வாரியாகக் கட்டங்கள், விழுந்த நாளில் சிவப்புப் பெருக்கல் குறி. அன்றைக்கு என்ன அப்டேட் ஏறியது என்பதும் அதே கட்டத்தின் கீழே இருக்கும். என் விஷயத்தில் கோளாறு தொடங்கிய நாளில் டிரைவர் எதுவும் மாறவே இல்லை. சிவப்புக் குறிகள் கேம் அப்டேட் வந்த நாளிலிருந்து தொடங்கியிருந்தன. குறிப்புகளைப் படித்தால், அந்த அப்டேட்டோடு கேம் டைரக்ட்எக்ஸ் 12-க்கு மாறியிருக்கிறது. கேம் வாங்கும் தளமான ஸ்டீமில் கேமின் மேல் வலது கிளிக், பிராப்பர்டீஸ், லாஞ்ச் ஆப்ஷன்ஸ். யூனிட்டி என்றால் -force-d3d11. அன்ரியல் என்ற இன்னொரு எஞ்சினில் செய்த கேம் என்றால் -dx11. இங்கிலீஷில், இடைவெளி விடாமல் தட்ட வேண்டும். 11-இல் மழை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது, ஆனால் குடிசைக்குள் போக முடிந்தது. பிறகு வந்த ஒரு பேட்ச்சில் 12-உம் சரியாகிவிட்டது.

ஏர்லி ஆக்சஸில் இப்படி நடப்பது இயல்பு. பெரிய கேம் வரும்போது கார்டு கம்பெனிகள் அதற்கென்றே டிரைவர் வெளியிடுகின்றன. சின்னக் குழுவின் அரைகுறை கேமுக்கு அந்தக் கவனிப்பு அரிது, அதோடு கேமும் அடிக்கடி மாறுகிறது. நல்ல குழுக்கள் தாங்களே மாற்றுவழி தருவார்கள். 2021 பிப்ரவரியில் வால்ஹெய்ம் ஏர்லி ஆக்சஸில் வந்தபோது, டிரைவர் தொடர்பான கிராஷ்களுக்கு உதவியாக வல்கனில் தொடங்கும் வசதியைச் சீக்கிரமே சேர்த்தார்கள். அவர்களால் டிரைவரைத் திருத்த முடியாது, டிரைவரின் வேறு பாதையில் கேமை அனுப்ப முடியும்.

கார்டே குற்றவாளி இல்லாத கதையும் உண்டு. 2024-இல் அன்ரியல் கேம்கள் பலவற்றில் வீடியோ மெமரி போதவில்லை என்று செய்தி வந்து விழுந்துகொண்டிருந்தது. 24 ஜிபி கார்டு வைத்திருந்தவர்களுக்கும் வந்தது. டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுப் பலர் ஓய்ந்துபோனார்கள். கடைசியில் அதில் பெரும்பங்கு இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களின் வோல்டேஜ் கோளாறு என்று வெளிவந்தது. இன்டெல் மைக்ரோகோட் (பிராசஸருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் 2 வருடம் நீட்டியது. அந்தப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் டிடியூவைத் தொடுவதற்கு முன் மதர்போர்டின் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதனால் என் வரிசை இது: லாக், ரிலையபிலிட்டி ஹிஸ்டரி, ஸ்டீமில் கேம் கோப்புகளைச் சரிபார்ப்பது, டைரக்ட்எக்ஸ் பதிப்பை மாற்றிப் பார்ப்பது. அதன் பிறகும் டிரைவர் மேல்தான் சந்தேகம் என்றால், என்விடியா இன்ஸ்டாலரில் கஸ்டம் கொடுத்து 'கிளீன் இன்ஸ்டலேஷன்' டிக் செய்வது, ஏஎம்டியில் 'ஃபேக்டரி ரீசெட்'. இவை சேஃப் மோட் கேட்காது, பெரும்பாலும் போதும். கார்டு கம்பெனி மாறியிருந்தாலோ, டிரைவர் நிறுவவே மறுத்தாலோ, நடுவில் நின்று போயிருந்தாலோ, அப்போது டிடியூ. தம்பிக்கு இந்த வரிசை பிடிக்கவில்லை. "இதுக்கு டிடியூவே போட்டுடலாம்க்கா, கால் மணி நேரம்" என்கிறான். அவனுக்குக் காலையில் சாம்பிள் அனுப்ப வேண்டியதில்லை.

புதிதாக வாங்கிய கேம் என்றால் கடிகாரத்தையும் பாருங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசு திரும்பக் கிடைக்கும், ஏர்லி ஆக்சஸுக்கும் அதே விதிதான். கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் கணக்கில் ஏறும். மெயின் மெனுவில் நிறுத்திவைத்துச் செட்டிங்ஸை நோண்டிக்கொண்டிருப்பதும் அதில் சேரும்.

என்விடியா வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. டிவைஸ் மேனேஜரில் டிரைவர் எண் 31.0.15.3598 என்று காட்டினால் குழம்ப வேண்டாம். கடைசி ஐந்து இலக்கம்தான் வெளியே சொல்லும் பதிப்பு: 535.98. நீங்கள் போட்டது ஏறியிருக்கிறதா, பழையதே இருக்கிறதா என்று இதை வைத்துச் சரிபார்க்கலாம்.

டிடியூவை இறக்கும்போது தேடலில் மேலே வரும் முதல் தளத்தை அழுத்திவிடாதீர்கள், அதே பெயரில் ஒட்டுண்ணித் தளங்கள் நிறைய. வாக்னார்ட்சாஃப்ட் அல்லது குரு3டி இரண்டில் ஒன்று போதும். போன வருடம் இறக்கிய கோப்பையே பென்டிரைவில் வைத்து எல்லோருக்கும் போட்டுக்கொடுக்கவும் வேண்டாம். டிரைவர் மாற மாற அது விட்டுச்செல்லும் மிச்சங்களும் மாறும், அதற்கேற்ப டிடியூவும் அடிக்கடிப் புதுப்பிக்கப்படுகிறது.