32 பிட் நெட்புக்குக்கும் ரிஸ்க்-ஃபைவ் போர்டுக்கும் எது பொருந்தும்?

பரணில் கிடந்த நெட்புக்கை (சின்ன மடிக்கணினி) இறக்கித் துடைத்தேன். உள்ளே இன்டெல் ஆட்டம் என்270 சில்லு. 2008-இல் வந்தது, 1.6 கிகாஹெர்ட்ஸ், 32 பிட் மட்டும்தான் தெரியும். மேசையில் பக்கத்திலேயே உள்ளங்கை அளவில், ரிஸ்க்-ஃபைவ் என்ற புதிய சில்லு வகையில் ஓடும் ஒரு போர்டு. பழசையும் புதுசையும் ஒருசேரத் தாங்கும் இயங்குதளம் எது என்று லினக்ஸ் வகையான டெபியன், யூனிக்ஸ் வழிவந்த பிஎஸ்டி குடும்பத்தின் நெட்பிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி மூன்றையும் அலசினேன்.

டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்ட் 9 அன்று. ரிஸ்க்-ஃபைவ் 64 பிட் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது அந்தப் பதிப்பில்தான். ஐ386-க்கான, அதாவது என் நெட்புக் போன்ற 32 பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்கான கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இன்ஸ்டாலரும் நின்றுபோனதும் அதே பதிப்பில்தான். ஐ386 பேக்கேஜ்கள் இன்னும் இருக்கின்றன, ஆனால் அவை 64 பிட் கணினியில் பழைய 32 பிட் நிரல்களை ஓட்டுவதற்கு. அந்தப் பழைய நிரல்கள் உடையக்கூடாது என்பதற்காகவே, மற்ற 32 பிட் வகைகளில் நேரத்தை (1970 முதல் எண்ணும் வினாடிகளை) 64 பிட்டுக்கு மாற்றியவர்கள் ஐ386-ஐ மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால் 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8:44-க்கு, 32 பிட்டில் நேரத்தை எண்ணும் நிரல்களுக்கு எண்ணிக்கை நிரம்பி, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

பிஎஸ்டிக்காரர்கள் இதை எப்போதோ முடித்துவிட்டார்கள். நெட்பிஎஸ்டி 2012-இல் 6.0-உடன், ஓப்பன்பிஎஸ்டி 2014-இல் 5.5-உடன், 32 பிட் கணினிகளிலும் சேர்த்தே நேரத்தை 64 பிட் ஆக்கின. பழைய நிரல்களை மறுபடி கம்பைல் செய்யத்தான் (மூல நிரலிலிருந்து புதிதாகக் கட்டத்தான்) வேண்டும் என்று ஓப்பன்பிஎஸ்டி துணிந்து சொன்னது. நெட்பிஎஸ்டியோ பழைய நிரல்களும் ஓட வழி வைத்தே மாற்றியது.

ஆனால் இந்த இரண்டும் தங்களைக் கட்டிக்கொள்ளும் விதத்தில் நேரெதிர். நெட்பிஎஸ்டியில் ஒரே ஒரு ஸ்கிரிப்ட் போதும். வேகமான 64 பிட் கணினியில் உட்கார்ந்துகொண்டு வாக்ஸ், அமிகா போன்ற பழைய கணினிகளுக்கும் முழு இயங்குதளத்தையும் கம்பைல் செய்துவிடலாம். முதல் வாக்ஸ் வந்தது 1977-இல். அந்தக் குடும்பத்துக்கு இன்றும் புதுப் பதிப்பு கிடைப்பதன் ரகசியம் இதுதான். ஓப்பன்பிஎஸ்டியோ அந்தந்தக் கட்டமைப்பிலேயே கம்பைல் ஆக வேண்டும் என்கிறது. அங்கே வாக்ஸ் 2016-இல் 5.9-உடன் முடிந்துபோனது.

சரி, அந்தப் பிடிவாதத்தால் என்ன பயன்? நான்கு பைட் எண் ஒன்றை நினைவகத்தின் ஒற்றைப்படை முகவரியிலிருந்து படிக்கும் தவறான வரி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். எக்ஸ்86 (இன்டெல் வகைச் சில்லு) சத்தமில்லாமல் படித்துக் கொடுத்துவிடும். சன் நிறுவனத்தின் ஸ்பார்க் சில்லில் அதே நிரல் அந்த வரியிலேயே விழும். தினமும் ஸ்பார்க்கில் முழுதாகக் கட்டி ஓட்டினால் இந்த மாதிரி பிழைகள் ஒளிய இடமில்லை. அங்கே பிடிபட்ட பிழையைத் திருத்தினால் என் நெட்புக்கில் ஓடும் நிரலும்தான் சுத்தமாகிறது. பழைய இயந்திரங்களை வைத்திருப்பது வெறும் பாசத்தால் அல்ல என்று எனக்குப் புரிந்த இடம் இது.

ரிஸ்க்-ஃபைவில் இன்னொரு ஆச்சரியம். எதிலும் ஓடும் என்று பெயர் வாங்கிய நெட்பிஎஸ்டி 2024 மார்ச்சில் 10.0 வெளியிட்டபோது அதில் ரிஸ்க்-ஃபைவ் இல்லை. வேலை வளர்ச்சிக் கிளையில் நடந்துகொண்டிருந்தது. ஓப்பன்பிஎஸ்டி 2021-இலேயே 7.0-இல் சேர்த்துவிட்டது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஐ386-க்கு எளிதான, அவசரமான பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும் என்று ஓப்பன்பிஎஸ்டியே எழுதி வைத்திருக்கிறது. என்270-ஐப் பொறுத்தவரை இது என்னைப் பெரிதாகப் பயமுறுத்தவில்லை. கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்யும் எளிய சில்லு அது. முன்கூட்டியே ஊகித்து ஓடும் சில்லுகளைப் பிடித்த மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டை இதைத் தொடாது. பிரவுசர் விஷயத்தில் எந்த இயங்குதளம் போட்டாலும் 1 ஜிபி ராமில் இன்றைய இணையதளங்கள் திணறும், அதை விட்டுவிடலாம்.

நெட்புக்கில் ஓப்பன்பிஎஸ்டி போட்டேன். எழுதவும், வேறு கணினிக்குள் நுழைந்து வேலை பார்க்கவும் தாராளமாகப் போதும். போர்டில் டெபியன், ஏனென்றால் எனக்கு வேண்டிய பேக்கேஜ்கள் அங்கேதான் அதிகம். வீட்டில் அமிகாவோ சன்3 என்ற பழைய கணினியோ இருந்தால் மட்டும் யோசிக்காமல் நெட்பிஎஸ்டியை இறக்குங்கள். சன்3-க்கு மற்ற இரண்டிலும் இன்று பதிப்பே கிடையாது.