டிசம்பரில் ஒரு வாரம்: சென்னை திரைப்பட விழாவா, திருவனந்தபுரமா?

சென்னையில் வசிக்கும் உலக சினிமா ரசிகர்களுக்கு ஒவ்வொரு டிசம்பரும் ஒரு தர்மசங்கடத்தோடுதான் வருகிறது. 2024இல் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா டிசம்பர் 12 முதல் 19 வரை நடந்தது. கேரள சர்வதேசத் திரைப்பட விழா திருவனந்தபுரத்தில் 13 முதல் 20 வரை. 2025இலும் ஏறக்குறைய அதே வாரம். இரண்டிலும் முழுமையாக இருப்பது நடக்காத காரியம். நான் சில வருடங்களாக அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டு எழும்பூரில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறிக்கொண்டிருக்கிறேன். உள்ளூரில், பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு விழா இருக்கும்போது இந்த அலைச்சல் தேவையா என்று பலர் கேட்டுவிட்டார்கள். தேவை என்பதே என் கட்சி. ஆனால் எல்லோருக்கும் அல்ல.

எளிதாகச் சொல்லிவிடக்கூடியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். நுழைவு அட்டைக்கான கட்டணம் இரண்டு ஊரிலும் ஆயிரம் ரூபாயை ஒட்டியே இருந்துவருகிறது. மாணவர்களுக்கு அதில் பாதி. கான், பெர்லின், வெனிஸ் விழாக்களில் பேசப்பட்ட படங்கள் இரண்டு பட்டியலிலும் இருக்கும்; கணிசமான படங்கள் பொதுவாகவே இருக்கும். ஆங்கில சப்டைட்டில் இரண்டிலும் உண்டு. ஆகவே எந்த விழாவில் நல்ல படம் அதிகம் என்ற கேள்வியை வைத்து முடிவெடுக்க முடியாது. அதற்காக யாரும் ரயில் ஏற வேண்டியதில்லை.

சென்னைக்குரிய பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 1977இல் தொடங்கிய அமைப்பு. வருடம் முழுக்கச் சிறிய அரங்குகளில் உலகப் படங்களைத் திரையிட்டுப் பழகியவர்கள், 2003 முதல் இந்த விழாவையும் நடத்திவருகிறார்கள். மாநில அரசின் நிதியுதவி கிடைக்கிறது என்றாலும், விழாவைச் சுமப்பது அந்த அமைப்பினரின் தோள்தான். ராயப்பேட்டை சத்யம் வளாகத்தில் படம் பார்ப்பதன் சுகத்துக்குத் திருவனந்தபுரத்தில் ஈடு கிடையாது. ஒளி, ஒலி, இருக்கை மூன்றிலும் சென்னைதான் மேல். ஒரு துருக்கியப் படத்தில் பனி மிதிபடும் ஓசை அந்த வளாகத்தின் சாந்தம் அரங்கில் கேட்பதுபோல் ஒரு பழைய ஒற்றைத் திரை அரங்கில் கேட்காது. மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்து ஒரு படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். அந்த ஆண்டின் தமிழ்ப் படங்களுக்குத் தனிப் போட்டியும் உண்டு. போதாக்குறைக்கு அதே நாட்களில் சபாக்களில் மார்கழிக் கச்சேரிகள். 2017இல் யுனெஸ்கோ சென்னையைப் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் இசைக்காகச் சேர்த்தது. மதியம் ஒரு கச்சேரி, மாலை ஓர் ஈரானியப் படம் என்று நாளைக் கழிக்க வேறு எந்த ஊரில் முடியும்?

இத்தனையும் இருந்தும் நான் திருவனந்தபுரத்துக்குப் போவதற்கு முக்கியமான காரணம் ஒன்றுதான்: மறுகாட்சி.

சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விழாக்களை ஒப்பிடும்போது யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. கேரள விழாவில் ஒரு படம் பெரும்பாலும் இரண்டு முறை, போட்டிப் பிரிவில் என்றால் மூன்று முறைகூட, வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு அரங்குகளில் திரையிடப்படும். சென்னையில் பெரும்பாலான படங்களுக்கு ஒரே காட்சிதான். அட்டவணையில் பார்த்தால் இது சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆனால் பெயர் தெரியாத ஓர் இயக்குநரின் முதல் படத்தை நினைத்துப் பாருங்கள். கையேட்டில் அதற்கு நான்கு வரி அறிமுகம், தபால்தலை அளவில் ஒரு படம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திரையிடுகிறார்கள். அதே நேரத்தில் பக்கத்து அரங்கில் கானில் பரிசு வாங்கிய படம் ஓடுகிறது. பத்தில் ஒன்பது பேர் எங்கே போவார்கள்? நானும் அங்கேதான் போவேன். மீதமுள்ள சிலர் அந்த முதல் படத்தைப் பார்த்துவிட்டு அசந்துபோய் வெளியே வருகிறார்கள். சென்னையில் அந்தக் கதை அத்தோடு முடிந்தது. அவர்கள் சொல்லி நாம் கேட்டுக்கொள்ளலாம், பார்க்க முடியாது.

திருவனந்தபுரத்தில் கதை அங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சிலரில் இரண்டு பேர், ரயில் நிலையத்தை ஒட்டிய தம்பானூர் பகுதியில் உள்ள கைரளி அரங்கின் படிக்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். மதியக் காட்சிக்கான வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், கழுத்தில் அட்டை ஊசலாட, கையேட்டைத் திறந்து பென்சிலால் இரட்டைச் சுழி போட்ட படத்தைக் காட்டுவார்: இதை விட்டுவிடாதீர்கள், திங்கட்கிழமை டாகூர் அரங்கில் மறுபடியும் போடுகிறார்கள். இத்தனைக்கும் அவரை உங்களுக்கு முன்பின் தெரியாது. அரைத் தமிழ், அரை மலையாளத்தில் நடக்கும் இந்தப் பேச்சுக்கு ஒரு பயன் இருக்கிறது. திங்கட்கிழமை போனால் டாகூர் அரங்கின் நடைபாதையில்கூடத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். விளம்பரமும் நட்சத்திரமும் இல்லாத ஒரு படத்துக்கு இரண்டே நாளில் கூட்டம் சேர்வதை நான் அங்கேதான் கண்ணால் பார்த்தேன். பெரிய நிறுவனங்களின் துணையில்லாமல் எடுக்கப்படும் சுயாதீனப் படங்களுக்கு வாய்வழிச் செய்திதான் ஒரே விளம்பரம் என்கிறோம். அந்தச் செய்தி நாலு பேரைச் சென்றடைந்த பிறகும் படம் ஓடிக்கொண்டிருந்தால்தானே அதற்குப் பொருள்?

இது தற்செயலாக அமைந்ததல்ல. கைரளி, ஸ்ரீ, நிளா மூன்று திரைகளும் கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமானவை. வழுதக்காட்டில் உள்ள கலாபவனும் அப்படியே. டாகூர் அரங்கும், கனகக்குன்றில் உள்ள நிசாகந்தி திறந்தவெளி அரங்கும் அரசுடையவை. இவற்றோடு தனியார் அரங்குகளும் சேர்ந்துகொள்கின்றன. விழாவை நடத்தும் சலச்சித்ர அகாடமியும் அரசின் பண்பாட்டுத் துறையைச் சேர்ந்தது. ஒரு வாரத்துக்கு இத்தனை திரைகள் கிடைத்தால் ஒரே படத்தை மூன்று முறை போட முடியும். சென்னையில் அரங்குகளில் பெரும்பகுதி தனியாருடையது. டிசம்பர் வெள்ளிக்கிழமைகளில் புதுப்படங்கள் வரிசைகட்டி நிற்கும். அந்த நெருக்கடியில் விழாக்காரர்கள் கையில் கிடைக்கும் சில திரைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை அடக்க வேண்டும். மறுகாட்சிக்கு இடம் எங்கிருந்து வரும்? எனவே இதைச் சென்னை விழாக்காரர்களின் குறையாக நான் சொல்லவில்லை. நகரத்தின் நடுவில் அரசுக்குச் சொந்தமாக மூன்று திரைகள் இருந்திருந்தால் நம் விழாவும் வேறு மாதிரி இருந்திருக்கும் என்ற ஆதங்கத்தில் சொல்கிறேன்.

மறுகாட்சியோடு சேர்ந்த இன்னொன்று வாக்கு. கேரள விழாவில் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கு மட்டுமான போட்டிப் பிரிவில் பார்வையாளர்களும் வாக்களித்து ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே ஒரு காட்சி என்றால் வாக்குக்குப் பொருளில்லை, பாதிப் பேர் படத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். கொரோனாவால் தள்ளிப்போய் 2022 மார்ச்சில் நடந்த விழாவில் பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கூழாங்கல்’ பார்வையாளர் பரிசை வென்றது. பாட்டு இல்லை, நட்சத்திரம் இல்லை. வெயிலில் ஓர் அப்பாவும் பையனும் நடந்துகொண்டே இருக்கும் தமிழ்ப் படம். ஏற்கெனவே ராட்டர்டாம் திரைப்பட விழாவின் முதன்மைப் பரிசான புலி விருதை வாங்கிய படம்தான், என்றாலும் மலையாளம் பேசும் பொதுமக்கள் வாக்குப்போட்டு அதைத் தேர்ந்தெடுத்தது எனக்கு அதைவிடப் பெரிய செய்தியாகப் பட்டது. அந்தப் பார்வையாளர்கள் ஒரு வருடத்தில் உருவானவர்கள் அல்லர். 1965இல் இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் அதே ஊரில் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியதிலிருந்து வரும் தொடர்ச்சி அது.

திருவனந்தபுரத்தின் சிரமங்களையும் மறைக்கக் கூடாது. முந்தைய நாளே இணையத்தில் இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். பேர்பெற்ற படங்களுக்குச் சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் வெயிலில் வரிசை, அதன் பிறகும் இடம் நிச்சயமில்லை. தம்பானூரில் இருந்தால் கைரளி வளாகம் நடக்கும் தூரம்தான். ஆனால் டாகூருக்கும் கலாபவனுக்கும் ஆட்டோ வேண்டும். இரண்டு படங்களுக்கு நடுவே அரை மணி நேரம்தான் என்றால் மதியச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். விடுதி அறை, ரயில், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் நுழைவுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஆகும். குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு வாரம் காணாமல் போவது எளிதல்ல. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் வரிசையில் நிற்கப் பிடிக்காதவர்களுக்கும் சத்யம்தான் சரி என்று தயங்காமல் சொல்வேன்.

ஒரு படத்தை விழாவுக்கு அனுப்பும் இயக்குநரின் இடத்திலிருந்து எனக்குப் பேச அனுபவம் இல்லை. எங்கே தேர்வாவது எளிது, எங்கே திரையிட்டால் விநியோகத்துக்கு உதவும் என்பதைப் படம் எடுத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். அண்மை ஆண்டுகளின் சென்னை விழாவையும் நண்பர்கள் சொல்லித்தான் அறிகிறேன். அங்கே மறுகாட்சிகள் கூடியிருந்தால் என் வாதத்தின் பலம் அந்த அளவுக்குக் குறையும்; அப்படிக் குறைந்தால் எனக்கு மகிழ்ச்சியே.

சுயாதீனப் படங்கள் மட்டும் போதும் என்பவர்கள் டிசம்பரையே நம்பியிருக்க வேண்டியதில்லை. ஆவணப்பட இயக்குநர் அமுதன் ஆர்.பி.யின் மறுபக்கம் அமைப்பு 1998 முதல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழா நடத்திவருகிறது, சென்னையிலும் நடத்துகிறது. தமிழ் ஸ்டுடியோ என்ற திரைப்பட அமைப்பு நண்பர்களின் சுயாதீனத் திரைப்பட விழாவும் இருக்கிறது. அளவில் சிறியவை, இயக்குநரை மடக்கி நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்பது அங்குள்ள வசதி. திருவனந்தபுரத்தில் அகாடமி நடத்தும் ஆவணப்பட விழா வேறு மாதத்தில் வருவதால் அதற்குச் சென்னையோடு மோதல் இல்லை.

முழு வாரம் விடுப்பு கிடைக்காதவர்களுக்கு ஒரு யோசனை. கேரள விழா வெள்ளிக்கிழமை தொடங்கும். தொடக்க விழாவுக்கு ஓடாதீர்கள். முதல் மூன்று நாட்களைச் சென்னை விழாவுக்குக் கொடுங்கள். ஞாயிறு இரவு ரயில் ஏறினால் திங்கட்கிழமை பகலில் தம்பானூர். அதற்குள் பல படங்கள் ஒரு சுற்று ஓடி, எது நல்லது, எது வெறும் பெயர் என்று வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். செவ்வாய் முதல் வியாழன் வரை மறுகாட்சிகளை மட்டும் குறிவையுங்கள். அறை தம்பானூரிலேயே இருக்கட்டும், நவம்பரிலேயே பதிவு செய்துவிடுங்கள். நுழைவு அட்டைக்கான பதிவும் ஏறக்குறைய அப்போதுதான் தொடங்கும், தாமதித்தால் கிடைக்காது.