பனந்தும்பும் தையல் நூலும்: உடலுக்குள் எது கரையும், எது தங்கும்?

என் தந்தையாரின் குதிகாலில் பனைமட்டைக் கருக்கு ஒன்று 11 மாதம் இருந்தது. சாம்பல்தீவில் வேலி அடைக்கும்போது ஏறியது. மேல்காயம் சில நாளில் மூடிக்கொண்டது. கருக்கு உள்ளேயே நின்றுவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மரச்சிராயும் முள்ளும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிவதில்லை. ஸ்கான் செய்தபோதுதான் அகப்பட்டது. அறுத்து எடுத்தபோது அதைச் சுற்றி வெளிறிய, கெட்டியான ஓர் உறை இருந்தது. அதைக் கீறிப் பார்த்தால், கருக்கு ஏறிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே கிடந்தது.

அதே ஆண்டு என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தை பிறந்தது. உள்ளே போட்ட தையலைப் பிரிக்க எவரும் வரவில்லை. அது தானாகவே கரைந்துவிட்டது.

உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பிக்கும்போது இந்த இரண்டையும் சொன்னேன். நிலாவெளியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், பனந்தும்பிலேயே கரையும் நூல் செய்தால் என்ன? நம்மிடம் இல்லாத பனையா?" என்று கேட்டாள். அன்று மணி அடித்துவிட்டது. அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சோற்றையும் வைக்கோலையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் குளுக்கோசு மூலக்கூறுகள் கோத்த சங்கிலிகள்தான். சோற்றிலுள்ள மாப்பொருளின் பிணைப்பு ஒரு விதம், வைக்கோலிலுள்ள செலுலோசின் பிணைப்பு இன்னொரு விதம். முதலாவதை வெட்டும் அமிலேசு நம் எச்சிலிலும் குருதியிலும் இருக்கிறது. இரண்டாவதை வெட்டும் நொதியத்தை மனிதக் கலங்கள் எவையும் சுரப்பதில்லை. மாடு வைக்கோலைச் செரிப்பதும் அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களின் தயவால்தான். ஆகவே தோலுக்கடியில் வைத்த தாவர நாரை நம் இழையம் சாப்பிட முடியாது. மண்ணில் மக்குவது உடலிலும் மக்கும் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. மண்ணில் பூஞ்சையும் பற்றீரியாவும் இருக்கின்றன. கிருமி நீக்கிய காயத்தில் அவை இருக்கக்கூடாது.

சாப்பிட முடியாத பொருள் உள்ளே வந்தால் உடல் என்ன செய்கிறது? வந்த கணமே குருதிப் புரதங்கள் அதன்மேல் படிகின்றன. முதல் ஓரிரு நாளில் நடுநிலைநாடிகள் என்ற வெண்குருதிக் கலங்கள் வந்து சேருகின்றன. அடுத்து, அந்நியப் பொருளை விழுங்கும் பெருந்தின்குழியங்கள் வருகின்றன. விழுங்க முடியாத அளவு பெரிதாக இருந்தால் அவை பல ஒன்றுசேர்ந்து இராட்சதக் கலங்களாகி அதன்மேல் ஒட்டிக்கொள்கின்றன. சில வாரங்களில் கொலாஜன் என்ற புரத நாரால் சுற்றுச்சுவர் எழும்புகிறது. தந்தையாரின் காலில் நான் கண்ட உறை அதுதான்.

இனி நூல்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்போம். பழைய இந்திய அறுவை மருத்துவ மரபு சணல், ஆளி நார்களால் தைத்தது. இருபதாம் நூற்றாண்டிலும் பருத்தி, லினன் நூல்கள் அறுவைக் கூடங்களில் இருந்தன. தோலின் மேலே தைத்துப் பிறகு பிரித்தெடுக்கும் இடத்தில் அவற்றால் குறையில்லை. உள்ளே விடும்போதுதான் சிக்கல். அறுவையின்போது தவறி உள்ளே விடப்பட்ட பருத்தித் துணியைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் கட்டி வளர்வது மருத்துவ உலகம் நன்கறிந்த விடயம். அறுவைக்கு முன்னும் பின்னும் துணிகளை எண்ணுவது அதனால்தான்.

அதற்கு எதிர்முனையில் கட்கட் நூல் இருக்கிறது. ஆட்டின் அல்லது மாட்டின் குடலிலிருந்து எடுக்கும் கொலாஜன் அது. புரதம் என்பதால் நம் நொதியங்களே அதை வெட்டும். ஏறத்தாழ 7 முதல் 10 நாளில் பிடிமானம் தளர்ந்துவிடும். ஆனால் வெட்டும் நொதியங்களைக் கொண்டுவருவது அழற்சிக் கலங்கள். அதாவது வீக்கம் வந்தால்தான் நூல் போகும். காயத்தில் கிருமி பிடித்தால் இன்னும் விரைவாகப் போய்விடும், நூல் மிகவும் தேவைப்படும் நேரத்தில். எனக்கு இந்த நூலில் மனம் ஒப்பவில்லை.

கிளைக்கோலிக் அமிலத்தையும் லக்டிக் அமிலத்தையும் கோத்துச் செய்யும் பொலிகிளாக்டின் 910 போன்ற நூல்கள் 1970களில் வந்தன. இவற்றை வெட்ட நொதியமே வேண்டியதில்லை. இழையத்திலுள்ள நீர் போதும். மூன்று வாரத்தில் பலம் பாதியாகக் குறைகிறது. 56 முதல் 70 நாளில் நூல் மறைகிறது. உடைந்து வருபவையும் உடலின் வளர்சிதைமாற்றத்துக்குப் பழகியவை. எந்த ஆளின் உடலிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கரைவதால் வைத்தியருக்குக் கணக்குத் தப்பாது. மாணவி கவனிக்க வேண்டிய இன்னொன்று, லக்டிக் அமிலத்தைச் சோள மாப்பொருளை நொதிக்கவைத்தும் பெறலாம். தாவரத்திலிருந்து வந்தாலும் அது நார் அல்ல. இந்தக் குடும்பத்திலும் குறை உண்டு. மெல்லிய நூல் கரையும்போது வரும் அமிலத்தைக் குருதி கொண்டுபோய்விடும். அதே வகைப் பொருளில் எலும்புத் திருகாணி செய்தால் அமிலம் உள்ளே தேங்கி, சிலருக்கு மாதங்கள் கழித்துக் கிருமியில்லாமலே வீங்கி நீர் வடிகிறது. லக்டிக் அமிலத்தை மட்டும் கோத்துச் செய்த தூய பொலிலக்டிக் தகடுகள் கரைந்து முடிய ஆண்டுகள் ஆகின்றன.

அப்படியானால் செலுலோசுக்கு உள்ளே இடமே இல்லையா? உண்டு, ஆனால் அதன் வேதியியலை மாற்றிய பிறகு. 1942 ஏப்ரலில் நம் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய அந்தப் போர்க்காலத்தில், அமெரிக்காவில் வேர்ஜீனியா பிரான்ட்ஸ் என்ற அறுவை நோயியலாளர் ஒட்சியேற்றிய (ஒட்சிசன் சேர்த்து மாற்றிய) செலுலோசைக் குருதிப்பெருக்கை நிறுத்தப் பயன்படுத்தி ஆராய்ந்தார். ஒட்சியேற்றம் சங்கிலியைத் தளர்த்துகிறது. உடலின் நீர்மமும் தின்குழியங்களும் அதைக் கரைத்துவிடுகின்றன. மெல்லியதாக வைத்தால் ஓரிரு வாரத்தில் போய்விடும். அதன் அமிலத்தன்மை கிருமிகளையும் அடக்கும். இன்றும் அறுவைக் கூடங்களில் வலைத்துணி போல அதைக் காயத்தில் வைக்கிறார்கள். முள்ளந்தண்டு போன்ற குறுகிய எலும்பிடுக்கில் மிகுதியாக விட்டால் வீங்கி நரம்பை அழுத்தும் என்பதால் அங்கே எடுத்துவிட வேண்டும். தாவர நாரில் பிறந்த பொருட்களில் நான் முழுமனதோடு முன்னால் வைப்பது இதைத்தான்.

கரையத் தேவையில்லை, இழையம் ஏறி வளரச் சாரம் கட்டினால் போதும் என்றால் கதை மாறுகிறது. கனடாவின் ஒட்டாவாவில் ஆண்ட்ரூ பெல்லிங் என்ற ஆய்வாளரின் குழு ஆப்பிளின் கலங்களைக் கழுவி நீக்கி, மிஞ்சிய செலுலோசுக் கூட்டை எலிகளின் தோலடியில் 8 வாரம் வைத்தது. 2016இல் வெளிவந்த அந்த ஆய்வில் தொடக்க அழற்சி தணிந்து, கூட்டுக்குள் குருதிக்குழாய்களே வளர்ந்திருந்தன. செலுலோசு தன்னளவில் உடலுக்குப் பகையல்ல. அதன் கூட வருபவைதான் பெரும்பாலும் தொல்லை தருகின்றன: லிக்னின் (நாரை மரம்போல் கெட்டியாக்கும் பொருள்), மெழுகு, தாவரப் புரதம், பற்றீரிய நச்சின் எச்சம்.

அந்தக் கணக்கில் பனந்தும்பும் தென்னந்தும்பும் பின்தங்குகின்றன. மட்டையைக் களப்பில் மாதக்கணக்கில் ஊறப்போட்டால் நார்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் அழுகிப் போகும், லிக்னின் போகாது. கரைவலைக் கயிறு கடலில் தாக்குப்பிடிப்பது அந்த லிக்னினால்தான். கயிற்றுக்கு வரமாக இருக்கும் அதே குணம் உடலுக்குள் பாரமாகிறது. காரத்தில் அவித்து, வெளுத்து, நச்செச்சம் நீக்கி, ஒட்சியேற்றி முடித்தால் கையில் இருப்பது வெறும் செலுலோசுதான். அதைப் பருத்தியிலிருந்து இன்னும் சுலபமாக எடுத்துவிடலாம்.

ஆனால் தென்னையில் இன்னொரு வழி இருக்கிறது. பிலிப்பைன்சில் தேங்காய்நீரைப் புளிக்கவைத்து, நாட்டா டி கோகோ என்ற மென்று தின்னக்கூடிய கட்டியாக உண்கிறார்கள். அது ஒருவகைப் பற்றீரியா நெய்த தூய செலுலோசு. லிக்னின் என்ற பேச்சே இல்லை. இதே பற்றீரியச் செலுலோசை எலிகளில் 12 வாரம் வைத்துப் பார்த்து 2006இல் வெளியிட்ட ஆய்வில் நார் உறையும் இல்லை, இராட்சதக் கலங்களும் இல்லை. தீக்காயக் கட்டுக்கும் செவிப்பறை ஒட்டுக்கும் இதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். கரையாது என்பதால் தையல் நூலுக்கு ஆகாது.

ஆகவே மகளே, பனையை விட்டுத் தேங்காய்நீரோடு தொடங்கு. சந்தையில் தேங்காய் உடைக்கும் இடத்தில் நாள்தோறும் நிலத்தில் ஊற்றும் நீரை ஒரு போத்தலில் பிடித்து வா. காய்ச்சி ஆறவிட்டு, சீனியும் பற்றீரியா உயிரோடிருக்கும் வினாகிரியும் சேர்த்துத் துணியால் மூடிவைப்போம். ஒன்றிரண்டு வாரத்தில் மேலே படலம் கட்டும். அதைக் காரத்தில் அவித்துக் கழுவி, உன் பனந்தும்புக்குப் பக்கத்தில் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்போம்.