பெண் குழந்தைக்கு ஹெர்னியா: திறந்து கட்டுவதா, லேப்ராஸ்கோப்பியா?

பெண் குழந்தையின் தொடையிடுக்கில் தெரிந்த வீக்கத்தை மருத்துவர் ஹெர்னியா என்று உறுதிசெய்த பிறகு, அறுவை சிகிச்சை வேண்டுமா என்ற கேள்விக்கு இடமில்லை. தொப்புளில் வரும் ஹெர்னியா பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். தொடையிடுக்கில் வருவது அப்படி மூடாது. எண்ணெய் தேய்ப்பதாலும் இறுக்கிக் கட்டுவதாலும் நேரம்தான் வீணாகும். பெற்றோர் முடிவு செய்ய வேண்டியது எந்த முறை என்பது மட்டுமே: தோலைக் கீறிச் செய்யும் திறந்த முறையா, சிறு துளை வழியே வயிற்றுக்குள் கேமரா நுழைத்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பியா.

கருவில் வயிற்றின் உள்ளுறை ஒரு சிறு பையாகத் தொடையிடுக்கு வரை நீண்டிருக்கும். அது மூடாமல் நின்றுவிட்டால் ஹெர்னியா. பெரியவர்களுக்கு வருவது போலத் தசை தளர்ந்து வருவதல்ல என்பதால் குழந்தைகளுக்குத் தசையைத் தாங்கும் செயற்கை வலை வைப்பதில்லை. பையின் கழுத்தைக் கட்டினால் போதும். இரண்டு முறைகளிலும் நடப்பது இதுதான். ஒன்றில் வெளியிலிருந்து அந்தக் கழுத்தை அடைகிறார்கள், மற்றொன்றில் வயிற்றுக்குள்ளிருந்து.

திறந்த முறையில் தோல் மடிப்பை ஒட்டி இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, பையைப் பிரித்தெடுத்துக் கட்டுவார்கள். 1950களிலிருந்து உலகெங்கும் நிலைபெற்ற முறை. பழகிய கைகளில் விரைவாக முடியும். பெரும்பாலான குழந்தைகள் அன்றே வீடு திரும்பலாம். குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் முதிராத குழந்தைக்கு இதில் பெரிய நன்மை உண்டு. முழு மயக்கம் கொடுக்காமல், முதுகுத்தண்டில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தே முடித்துவிடலாம். லேப்ராஸ்கோப்பிக்கு வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பச் செய்ய வேண்டும், அதனால் வழக்கமாக மூச்சுக்குழாயில் குழாய் வைத்து முழு மயக்கம் கொடுப்பார்கள்.

ஆனாலும் பெண் குழந்தை என்று வரும்போது என் சாய்வு லேப்ராஸ்கோப்பி பக்கம்தான். ஆண் குழந்தையில் பையின் கழுத்தை ஒட்டியே விந்துக்குழாயும் விதைக்குச் செல்லும் ரத்தக்குழாய்களும் ஓடுகின்றன. ஊசி அவற்றைத் தொடாமல் விலகிப் போக வேண்டும். பெண் குழந்தையில் அங்கே கருப்பையோடு இணைந்த ஒரு நாண் மட்டுமே உண்டு, எனவே சுற்றிலும் இடைவெளியின்றிக் கட்டலாம். அறுவை சிகிச்சை நிபுணர்கள் எல்கோஹரி 1997இலும் ஷீயர் 1998இலும் இம்முறையைப் பெண் குழந்தைகளில் செய்து எழுதியது இதனால் பொருத்தமாகவே படுகிறது. பையை உள்ளே இழுத்துப் புரட்டி, தையலே போடாமல் சூடுவைத்து மூடும் 'பர்னியா' என்ற உத்தி 2017இல் பெண் குழந்தைகளுக்கென்றே வெளிவந்தது. அதன் நீண்டகால விளைவுகளை அறிய இன்னும் காலம் தேவை. நான் நூலால் கட்டுவதையே விரும்புவேன்.

இதைவிட முக்கியமானது கேமரா காட்டுவது. பெண் குழந்தையின் ஹெர்னியாவில் குடல் மட்டுமல்ல, சினைப்பையும் கருக்குழாயும் வழுகி வரலாம். சில வேளை குழாய் பையின் சுவரோடு ஒட்டியிருக்கும். குறுகிய கீறல் வழியே செய்பவர் அதையும் சேர்த்துக் கட்டிவிடாமல் மிகுந்த கவனம் காட்ட வேண்டும். கேமராவில் அது கண்ணெதிரே தெரிகிறது. கருப்பையும் இரு சினைப்பைகளும் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடலாம். ஹெர்னியா உள்ள பெண் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு ஆண்ட்ரோஜன் ஹார்மோனை உடல் ஏற்காத பிறவி நிலை இருக்கிறது. தோற்றத்தில் பெண்ணாகவே வளரும் அவளுக்குக் கருப்பை இருக்காது. பதினாறு வயதில் மாதவிடாய் வரவில்லையே என்று தேடத் தொடங்குவதைவிட, சிறுவயதிலேயே அறிந்து மெல்ல எடுத்துச் சொல்லி வளர்ப்பது எவ்வளவோ மேல். திறந்த முறையிலும் ஸ்கேன், குரோமோசோம் பரிசோதனை வழியே அறியலாம். ஆனால் யாராவது நினைவாகக் கேட்க வேண்டும்.

மறுபக்கத்திலும் திறப்பு இருந்தால் கேமராவில் தெரியும். தெரியும் திறப்பெல்லாம் ஹெர்னியாவாக மாறுவதில்லை என்பதால் மூடுவதா விடுவதா என்று மருத்துவர்களே வேறுபடுகிறார்கள். பெண் குழந்தைக்கு அதை மூடுவதில் அபாயம் குறைவு, மூடலாம் என்பேன். இதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

தழும்பைக் காட்டி லேப்ராஸ்கோப்பியை விற்பவர்களை நம்ப வேண்டாம். திறந்த முறையின் தழும்பும் உள்ளாடைக்குள் மறைந்துவிடும். மீண்டும் வரும் வாய்ப்பு தொடக்க காலத்தில் லேப்ராஸ்கோப்பியில் கூடுதலாக இருந்தது. இன்று தேர்ந்தவர்களிடம் இரண்டும் ஏறக்குறைய சமம்.

ஆகவே குறைமாதக் குழந்தைக்குத் திறந்த முறை. ஒரு வயதைத் தாண்டியவளுக்கு, அதுவும் இருபக்க வீக்கம் என்றால், லேப்ராஸ்கோப்பி. உங்கள் ஊரில் இருக்கும் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் திறந்த முறையில் மட்டும் கைதேர்ந்தவர் என்றால், அவரிடமே செய்துகொள்ளுங்கள். கேமராவுக்காக, குழந்தைகளுக்கு அதிகம் செய்து பழகாதவரைத் தேடிப் போவது தவறு.

தள்ளினால் உள்ளே போகாத சிறு உருண்டை தெரிந்தால் அது சினைப்பையாக இருக்கலாம்; முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். அழுத்திப் பார்க்காமல் சீக்கிரம் நாள் குறித்துவிடுங்கள். வீக்கம் கெட்டியாகிச் சிவந்து, குழந்தை வாந்தியெடுத்து வீறிட்டு அழுதால், நள்ளிரவானாலும் பால் கொடுக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.